சங்கு முத்திரையைத் தேடி ஒரு பகல்: நாகர்கோவில் புகைப்பட உலா எப்படி?

நாகர்கோவிலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர் சனிக்கிழமைகளில் ஒரு வேன் பிடித்து, எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, குமரி மாவட்டத்தின் பழைய சர்க்கார் கட்டிடங்களைப் படம் எடுக்கக் கூட்டிப் போகிறார். தலைக்கு 1,400 ரூபாய். வேன், இரண்டு வேளைச் சாப்பாடு, நுழைவுச் சீட்டு, கடைசியில் நமக்குப் பிடித்த மூன்று படங்களுக்கு 8-க்கு 12 அங்குல அளவில் பிரிண்ட் எல்லாம் அதில் அடக்கம். கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்கச் சொல்லும் இடத்தில் மட்டும் நம் கைக்காசு. விளம்பரம் மாதிரி ஆகிவிடும், பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் பெயரைப் போடவில்லை. மணிமேடைப் பக்கம் விசாரித்தால் யாரும் சொல்வார்கள். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

கட்டாயம் போகலாம். குறைகளும் உண்டு. அவற்றையும் எழுதுகிறேன், இந்த உலா நின்றுவிடாமல் இன்னும் நன்றாக நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் குழித்துறைப் பக்கம் ஆதாரம் எழுதுகிறவன். வெளியூர்க்காரர்கள் பத்திரம் என்பார்கள். பாகப் பிரிவினைக்காக ஒரு வீட்டின் பழைய தகரப் பெட்டியைத் திறந்தால், அடியில் கிடக்கும் ஆதாரங்கள் மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும், முத்திரைத் தாளின் தலையில் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சங்கு முத்திரை இருக்கும். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலம் ஆயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அங்கிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்து குமரி மாவட்டம் ஆயின. மாற்றம் முழுவதும் என் மேஜையில் தாளாகத்தான் வருகிறது. அந்தத் தாள்கள் எழுதப்பட்ட, முத்திரை குத்தப்பட்ட கட்டிடங்கள் என்ன ஆயின என்று பார்க்கும் ஆசையில்தான் பணம் கட்டினேன்.

காலை ஆறேகாலுக்கு மணிமேடையில் கூட வேண்டும். வெள்ளனே வரச் சொல்வதற்குக் காரணம் வெளிச்சம் மட்டும் இல்லை, பஸ்கள் நெருக்கியடித்து நிற்பதற்கு முன்னால் மணிமேடையை முழுசாகப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நேரம் அது. 1893-இல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் வருகையை ஒட்டி எழுந்த கடிகாரக் கூண்டு. அண்ணாச்சி அங்கே ஒரு சின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். பழைய கட்டிடத்தின் கல்லில் கொல்லம் ஆண்டு இருந்தால் 825 கூட்டிக்கொள்ள வேண்டும், ஆவணியிலிருந்து டிசம்பர் முடிகிறவரை உள்ள தேதி என்றால் 824. எனக்குத் தொழிலே அதுதான், ஆனால் வேனில் வந்த கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் கண்ணில் பட்ட கல்லையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

படம் எடுப்பதற்கு அவர் சொன்ன முதல் பாடமும் அங்கேதான். உயரமான கட்டிடத்தைக் கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி வரும். பின்னால் நகர்ந்து, கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, கீழே வருகிற ரோட்டை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். பையன் ஒருவன் போனிலேயே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வரவைத்து எடுத்தான், அது போதும் என்று விட்டுவிட்டார்.

நீதிமன்றப் பக்கம் வேன் மெதுவாகப் போனதே தவிர நிற்கவில்லை. நடக்கிற நீதிமன்ற வளாகத்துக்குள் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது, அந்த ஒழுங்கை அவர் கறாராக வைத்திருப்பது எனக்குப் பிடித்தது. வேனுக்குள்ளேயே, குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணியின் கதையைச் சொன்னார். விளவங்கோடு தாலுகாவின் பள்ளியாடியில் 1895-இல் பிறந்தவர், 1920-களில் நாகர்கோவிலில் வக்கீலாக வந்தவர். அப்போது மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போட்டிருந்தார்கள், நேசமணி அந்த முக்காலிகளைத் தூக்கி எறிந்தார் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டுப் பழகிய கதைதான். ஆனால் அண்ணாச்சி அதோடு ஒன்று சொன்னார்:

“மக்களே, அந்த முக்காலிய யாராவது போட்டோ எடுத்து வச்சானா? இல்ல. முகப்ப எடுத்தான், தூண எடுத்தான், ஜட்ஜி உக்காந்த மேடைய எடுத்தான். முகப்ப எல்லாரும் எடுத்தாச்சு. நீங்க இன்னைக்கு ஆளு நின்ன இடத்த எடுங்க.”

அன்றைய பகலுக்கு முழுக்க முழுக்க இதுதான் பாடம். இந்த உலாவுக்கு நான் பணம் கொடுத்தது வீண் போகவில்லை என்று எனக்கு உறுதிப்பட்ட இடமும் இதுதான்.

புட்டும் பயறும் பப்படமும் சாப்பிட்டுவிட்டுத் தக்கலை போய்ச் சேர்ந்தோம். பத்மநாபபுரம் கொட்டாரம், அதாவது அரண்மனை, ஒன்பது மணிக்குத் திறக்கும், திங்கட்கிழமை விடுமுறை. 1601 வாக்கில் இரவி வர்மா கட்டத் தொடங்கியது, 1750-ஐ ஒட்டி மார்த்தாண்ட வர்மா பெரிதாக்கிப் பத்மநாபபுரம் என்று பெயர் வைத்தது, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை திருவிதாங்கூர் அரசு இருந்த இடம். மரக் கட்டிடத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் இந்தப் பக்கம் கிடையாது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்திருக்கிறார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், கொட்டாரம் நிற்பது தமிழ்நாட்டில், வைத்துப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956-இல் தாலுகா இந்தப் பக்கம் வந்தது, கொட்டாரத்தின் பொறுப்பு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. சண்டை எதுவும் இல்லாமல் இரண்டு அரசுகள் ஒரே நினைவைப் பங்கு போட்டுக்கொள்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் நவராத்திரிக்கு முன்னால் இங்கே வர வேண்டும். உப்பரிகை மாளிகையிலிருந்து ராஜாவின் உடைவாளை எடுத்துக் கொடுப்பார்கள். தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குக் கிளம்புவார்கள். இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செலுத்தும். களியக்காவிளையில் கேரளம் வரவேற்கும். ராஜா ஆண்டது முடிந்து இவ்வளவு காலம் ஆன பிறகும் வாள் வருஷா வருஷம் பயணம் போகிறது. அதைப் படம் எடுக்க வருகிற கூட்டம் பெரிது. எனக்கு அதில் மனத்தாங்கல் ஒன்றும் கிடையாது, ஊரே கூடுகிற நல்ல விழா.

உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் தரையைக் காலால் பார்க்கிறோம். கறுப்பாக, குளிர்ச்சியாக, முகம் தெரிகிற மாதிரி இருக்கிற தரை. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறு எல்லாம் சேர்த்து அரைத்துப் போட்டது என்று சொல்வார்கள். மேலே ஏறினால் மந்திரசாலை. ராஜாவும் மந்திரிகளும் கூடிய அறை. இன்றைய கணக்கில் அதுதான் அமைச்சரவைக் கூட்டம் நடந்த இடம், ஒரு அரசாங்கத்தின் மூளை. இவ்வளவு சின்ன அறையா என்று தோன்றும். மரச் சட்டம் போட்ட ஜன்னல்கள், அதில் வண்ண மைக்காத் தகடு, அதன் வழியாக வடிகட்டி வருகிற வெளிச்சம். வெயில் ஏற ஏற வெளியே தகிக்கும், உள்ளே அந்தச் சூடே தெரியாது.

படம் எடுக்கிறவர்களுக்கு இது சவாலான அறை. கேமராவை அதன் போக்கில் விட்டால் ஜன்னலைப் பார்த்து பயந்து அறையை முழு இருட்டாக்கிவிடும், அறையைப் பார்க்கச் சொன்னால் ஜன்னல் வெளுத்துப் போகும். அண்ணாச்சி சொன்ன வழி: ஜன்னலுக்கு நேராக நிற்காதீர்கள், பக்கவாட்டில் நின்று, ஜன்னல் வெளிச்சம் தரையில் விழுந்து திரும்புகிற இடத்தை எடுங்கள். தூணில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, பதினைந்தில் ஒரு நொடிக்கு எடுத்தேன். ஐ.எஸ்.ஓ. என்கிற வெளிச்ச உணர்திறன் 1600. என்னிடம் உள்ளது பழைய கேமரா, மணல் தூவியதுபோலக் கொஞ்சம் புள்ளிகள் வந்தன. ஆனால் கறுப்புத் தரையில் மைக்காவின் வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது அப்படியே கிடைத்தது. பிரிண்ட் போட்ட மூன்றில் அது ஒன்று.

ஊட்டுப்புரையில்தான் எங்கள் உலா சூடு பிடித்தது. இரண்டு தளமாக நீண்டு கிடக்கும் கூடம், ஆயிரம் ஆயிரமாகப் பிராமணர்களுக்குச் சாப்பாடு போட்ட இடம். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய பெரிய பரணிகள் அங்கே உண்டு. எங்களோடு இரணியல் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்திருந்தார். கூடத்தின் நீளத்தை எல்லாரும் எடுத்துக்கொண்டிருக்க, அவர் கேட்டார்:

“அண்ணாச்சி, இங்க சாப்பிட்டவங்கள பத்தி போர்டு சொல்லும். எலை எடுத்தவங்க, பாத்திரம் தேச்சவங்க எங்க உக்காந்து சாப்பிட்டாங்க?”

அண்ணாச்சியிடம் பதில் இல்லை. “அதுக்கு ஒரு படம் எடுங்க டீச்சர்” என்றார். டீச்சர் பரணியை எடுத்தார். கிட்டே போய், அதன் வாய்ப்பக்கம் கை பட்டுப் பட்டு மினுங்கிப் போன விளிம்பை மட்டும். அன்று எட்டுப் பேர் எடுத்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இந்தக் கேள்வி குமரி மாவட்டத்தில் சும்மா கேட்கிற கேள்வி கிடையாது. மார்பை மறைக்கத் தோள்சீலை போடுவதற்கே இங்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் 1822-லிருந்து 1859-இல் அரசாணை வருகிறவரை போராட வேண்டியிருந்தது. கோயிலுக்குள் எல்லாச் சாதி இந்துக்களும் போகலாம் என்ற அரசு அறிவிப்பு 1936 நவம்பர் 12-ஆம் தேதிதான் வந்தது. அதுவரைக்கும் ‘சர்க்கார் கட்டிடம்’ என்றால் நம்மில் பாதிப் பேருக்கு வெளியே நின்று பார்க்கிற சுவர். அந்தச் சுவரின் உட்பக்கத்தை மட்டும் அழகாகக் காப்பாற்றி வைத்தால், நினைவும் பாதிதான் மிஞ்சும். இதை அண்ணாச்சி இன்னும் விரித்துப் பேச வேண்டும். அவர் சாரோட்டுக் கொட்டாரம்வரை போகும் சுரங்கப்பாதையைப் பற்றிப் பேசிய நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இது என் முதல் குறை. இரண்டாவது, இவ்வளவு பெரிய கொட்டாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதவே போதாது. தாய்க் கொட்டாரத்தின் பலாமரத் தூணை நான் ஓட்டமும் நடையுமாகத்தான் பார்த்தேன்.

புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. இது வனத்துறையின் கையில், பல்லுயிர்ப் பூங்காவாக இருக்கிறது. குடும்பத்தோடு வருகிறவர்கள் மரத்தையும் மானையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் போனது உள்ளே கூரை இல்லாமல் நிற்கும் சிற்றாலயத்துக்கு. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள். பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய் பிறகு அதே ராஜாவின் படையைப் பழக்கி, இந்தக் கோட்டையைக் கட்டிமுடித்து, வலிய கப்பித்தான் (பெரிய கேப்டன்) என்று பேரெடுத்து, 1777-இல் இங்கேயே இறந்தார். கல்லறையில் லத்தீனும் உண்டு, தமிழும் உண்டு. பக்கத்திலேயே மனைவியும் மகனும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். உச்சி வெயிலில் கல்லெழுத்து படத்தில் தட்டையாகப் போய்விடும். அண்ணாச்சி வேனிலிருந்து ஒரு கறுப்புக் குடையைக் கொண்டுவந்து ஒருவரைப் பிடிக்கச் சொல்லிக் கல்லுக்கு நிழல் போட்டார். அப்புறம் ஒரு சின்ன டார்ச்சைக் கல்லோடு கல்லாகப் படுக்க வைத்தாற்போல ஒரு பக்கத்திலிருந்து அடித்தார். எழுத்தின் பள்ளம் எல்லாம் நிழல் பிடித்து எழுந்து நின்றது. அதுவரை வழவழப்பாகத் தெரிந்த இடத்தில் வரிகள் வந்தன. இந்த வித்தைக்கு எந்த விலை உயர்ந்த லென்ஸும் வேண்டாம், நூறு ரூபாய் டார்ச் போதும். கோயில் கல்வெட்டு, பழைய மைல்கல், வீட்டு வாசல் கல் எதற்கும் இதைச் செய்து பார்க்கலாம்.

கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் முட்டிடிச்சான் பாறை. அதே மார்த்தாண்ட வர்மா அரசின் ஊழியராக இருந்த நீலகண்ட பிள்ளை, 1745-இல் தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்று, சிறையும் சித்திரவதையும் பட்டு, 1752-இல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடி மலையில் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் என்று அறிவித்தார்கள். அவர் தாகத்தில் முழங்கையால் இடித்ததும் தண்ணீர் வந்த பாறை என்று மக்கள் கும்பிடுகிறார்கள். பாறைக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. கப்பித்தானின் கல்லறைக்குப் போனபோது அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை. அரசு பாதுகாக்கிற இடமும் சனங்கள் தேடிப் போகிற இடமும் ஒரே ஊருக்குள் இவ்வளவு கிட்ட இருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியதற்காக அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு.

மதியச் சாப்பாடு மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும், சைவக்காரர்களுக்கு அவியல் சாப்பாடு. குறை ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு போன இடம் எந்த வழிகாட்டியிலும் இருக்காது. கருங்கல் போகிற வழியில் கிளை ரோட்டில் திரும்பினால், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடு வேய்ந்த ஒரு கட்டிடம். பழைய பகுதிக் கச்சேரி. கச்சேரி என்றால் சர்க்கார் அலுவலகம், பகுதி என்றால் இன்றைய வருவாய்க் கிராமம், அதன் அதிகாரி பார்வத்தியக்காரர். உபயோகத்தில் இல்லை, பூட்டிக் கிடக்கிறது. அண்ணாச்சி முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருந்தார், வெளித் திண்ணைவரை மட்டும். ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்பது அவருடைய நிபந்தனை. கதவும் நிலையும் நல்ல பழைய தேக்கு, பெயர் வெளியே வந்தால் ஒரு வாரத்தில் காணாமல் போய்விடும் என்றார். சரிதான் என்று பட்டது.

முகப்பில் சுதையில் செய்த ஒரு வட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் பூ வேலை. கிட்டே போய்ப் பார்த்தால் சங்கு. வருஷா வருஷம் வெள்ளையடித்து வெள்ளையடித்துச் சுழிகள் எல்லாம் மழுங்கிப் போயிருந்தன. யாரும் அதை உடைக்கவில்லை, யாரும் அதைத் துலக்கவும் இல்லை. அதன் மேல் சுண்ணாம்பு ஏறிக்கொண்டே போயிருக்கிறது, அவ்வளவுதான். அரசு மாறும்போது சிலையை உடைத்த ஊர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். இங்கே வெள்ளையடித்தே மறக்கடித்திருக்கிறார்கள்.

கதவுக்கு மேலே மரப்பலகை. கறுப்புப் பெயிண்டில் தமிழில் அலுவலகத்தின் பெயர், அதுவும் பாதி உதிர்ந்துவிட்டது. அண்ணாச்சி டார்ச்சை என் கையில் கொடுத்து, “நீங்கதானே பழைய ஆதாரம் படிக்கிறவரு, பாருங்க” என்றார். பலகைக்குப் பக்கவாட்டில் ஏணியில் நின்று அடித்தேன். தமிழ் எழுத்துக்கு அடியில் வேறு மேடு தெரிந்தது. பழைய பெயிண்டின் தடிப்பு. மலையாள எழுத்து, வட்டம் வட்டமாக. பகுதி என்பது தெளிவாகத் தெரிந்தது, கச்சேரி என்பதில் முதல் எழுத்து மட்டும். 1956-க்குப் பிறகு யாரோ ஒரு பெயிண்டர் பழைய எழுத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்துவிட்டுப் போயிருக்கிறார். பலகை ஒன்றுதான், அரசு இரண்டு. நான் தினமும் தாளில் பார்ப்பதை மரத்தில் பார்த்தேன். கீழே நின்ற பையன்கள் கைதட்டினார்கள்.

ஆனால் அண்ணாச்சி எங்களைக் கூட்டி வந்தது பலகைக்காக இல்லை, ஜன்னலுக்காக. திண்ணையின் ஓரத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி ஜன்னல். கரம் தீர்க்கிற ஜன்னல், அதாவது நிலவரி கட்டுகிற இடம். அடியில் கருங்கல் படி. அதன் நடுவில், ஒரு முழம் அகலத்துக்கு, கல் பள்ளம் விழுந்து வழவழவென்று இருந்தது. கம்பிகளில் நடுக்கம்பி இரண்டு மட்டும் துருப் பிடிக்காமல் கறுப்பாக மினுங்கின. கையை ஊன்றியும் கம்பியைப் பிடித்தும் ஜனங்கள் நின்ற தடம். சக்கரமும் பணமும் ஆகிய திருவிதாங்கூர் நாணயங்களைக் கொண்டுவந்து எண்ணிக் கொடுத்தவர்கள், போக்குவரவு செய்து பட்டா பெயர் மாற்றக் காத்துக் கிடந்தவர்கள், இன்று போய் நாளை வா என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயைத் தேற்ற ஒரு குடும்பம் என்ன பாடு பட்டிருக்கும் என்று ஆதாரத்தில் எழுதியிருக்காது. கல்லில் இருக்கிறது.

அங்கே எல்லாரும் வெகுநேரம் இருந்தோம். டீச்சர் தன் முழங்கையை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அதை நான் எடுத்தேன், டீச்சரின் கை, கல், இரண்டு கம்பி. என்னுடைய இரண்டாவது பிரிண்ட்.

இந்த ஒரு இடத்துக்காகவே 1,400 ரூபாய் கொடுக்கலாம். கொட்டாரத்துக்குக் கேரள அரசு இருக்கிறது, உதயகிரிக்கு வனத்துறை, அங்கே கடலோரத்தில் வட்டக்கோட்டைக்கு மத்தியத் தொல்லியல் துறை. ராஜாவும் கப்பித்தானும் இருந்த இடங்களுக்கு ஆள் உண்டு. நம் தாத்தா பாட்டி அரசாங்கத்தை நேருக்கு நேர் பார்த்தது இந்த மாதிரி ஜன்னல்களில், அதற்கு ஆளே இல்லை. ஓடு சரிந்தால் ஒரு மழைக்காலம் போதும், நமக்கோ வருஷத்தில் இரண்டு மழைக்காலம். இடித்துவிட்டுக் கான்கிரீட் கட்டிடம் கட்டுவதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன், ஊருக்கு நல்ல அலுவலகம் வேண்டும். இடிப்பதற்கு முன்னால் ஒருவராவது அந்த ஜன்னலைப் படம் எடுத்து, எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதி வைக்க வேண்டும்.

இப்போது பெரிய குறை. உலா புதுக்கடைக்குப் போகவில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள் மீது திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டது. பட்டம் தாணு பிள்ளையின் ஆட்சிக் காலம். கச்சேரிப் பலகையில் எழுத்து மாறியதற்குக் கொடுத்த விலை அது. கருங்கல் பக்கம்வரை வந்துவிட்டுப் புதுக்கடை போகாமல் திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டதற்கு அண்ணாச்சி, “அங்க என்ன மக்களே இருக்கு, புதுசா கட்டின நினைவுத் தூணுதானே, பழைய கட்டிடம் இல்லியே” என்றார். பழைய கட்டிடம் இல்லாததுதான் காரணமே. ஆள் நின்ற இடத்தை எடு என்று காலையில் சொன்னவர், ஆள் விழுந்த இடத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவரிடம் நேராகவே சொன்னேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

பிரிண்ட் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. அவர் படம் கொடுக்கிற லேப் எல்லாப் படத்துக்கும் கல்யாண ஆல்பம் மாதிரி நிறத்தை ஏற்றிவிடுகிறது. கச்சேரியின் ஓடு முதல் தடவை ரத்தச் சிவப்பில் வந்தது, மறுபடி போட்டுத் தரச் சொன்னேன், காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். நிறத்தில் கை வைக்க வேண்டாம், மேட் தாளில் போடுங்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அடுத்தது, போனில் எடுக்கிற படம் பொதுவாக 4-க்கு 3 கணக்கில் இருக்கும், 8-க்கு 12 தாள் 2-க்கு 3 கணக்கு. தாள் முழுக்க நிரப்பினால் கிடையாக எடுத்த படத்தில் மேலும் கீழும் வெட்டுப்படும். பையன் ஒருவன் எடுத்த சங்குப் படத்தில் சங்கின் நுனியே போய்விட்டது. போன்காரர்கள் ஓரத்தில் வெள்ளை விட்டு முழுப் படத்தையும் போடச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள் அண்ணாச்சிக்கே. இத்தனை சனிக்கிழமைகளில் வருகிறவர்கள் எடுக்கும் படங்கள் அவர் கம்ப்யூட்டரில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இடம், தாலுகா, எடுத்த தேதி, கட்டிடம் முன்பு என்னவாக இருந்தது என்று நாலு வரி எழுதி வைத்தால், பின்னால் தேடுகிறவனுக்கு அது ஆதாரமே. மலையாள எழுத்து படிக்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

போகிறவர்களுக்கு: பெரிய கேமரா அவசியம் இல்லை, அகலமாகப் பிடிக்கிற லென்ஸ் உள்ள போன் போதும். டார்ச், குடை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சுலபமாகக் கழற்றுகிற செருப்பு நல்லது. முக்காலி ஸ்டாண்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், தொல்லியல் இடங்களில் அதற்குத் தனி அனுமதி கேட்பார்கள். வட்டக்கோட்டை இந்த உலாவில் கிடையாது, தனியாக ஒரு சாயங்காலம் போய்க்கொள்ளலாம். வேனின் பின்சீட்டில் இடுப்பு வலி உள்ளவர்கள் உட்கார வேண்டாம். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மழை வந்தால் கச்சேரிக்குப் போகும் கிளை ரோடு சகதியாகிவிடும். தையிலிருந்து மாசிவரை உள்ள சனிக்கிழமையாகப் பார்த்துச் சொல்லி வையுங்கள்.